நிறம் கொடுக்கும் கேரட்

நல்லுசாமியின் உள்ளங்கை மஞ்சளாகிப் போனதற்கு முழுக் காரணம் அவன் காதுதான். கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கேட்கக் கூடாததை மட்டும் பிடித்துக்கொள்கிற காது அது.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதம். இருளப்பன் கங்காணியின் இளைய மகள் நீலாவைப் பெண் பார்க்கப் போயிருந்தான். பெண் வீடும் அவன் வேலை பார்த்த அதே தேயிலை எஸ்டேட்தான். மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்கு அம்மா மணியம்மாவோடு நடந்தே போய்விட்டான். லயத்து வரிசை வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் என்ன விஷயம் என்று கேட்பார்கள். அந்தச் சுவரைத் தாண்டி நீலாவின் குரல் வந்தது.

“ரொம்பக் கறுப்பா இருக்கேக்கா. கொஞ்சம் வெளுப்பா இருந்தா நல்லாருக்கும்லா.”

அவள் சொன்னது தேத்தண்ணியை. வீட்டில் பால் டின் காலி. அக்கா சீதா டின்னைக் கவிழ்த்து, தட்டி, சொட்டு விட்டும் தேத்தண்ணி தார் போலத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு இதை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது என்று அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சொன்ன வார்த்தை அது. நல்லுசாமியோ அதை அப்படியே எடுத்துத் தன் முகத்தில் பூசிக்கொண்டான்.

அவன் கறுப்புதான், மறுக்க முடியாது. மலைக் குளிரில் ஊரே கன்னம் சிவந்து திரியும். அவன் கன்னம் மட்டும் எந்தக் குளிருக்கும் மசியாது. ஆனால் பெண்ணின் அப்பா பெயரே இருளப்பன். பெண்ணின் பெயர் நீலா. அந்தக் குடும்பத்தில் நிறம் பார்ப்பார்கள் என்று இவனுக்கு எப்படித்தான் தோன்றியதோ! நீலா அன்றைக்கே தலையாட்டிவிட்டாள். தை மாதம் கல்யாணம் என்று பேசியும் முடித்துவிட்டார்கள். பாவம், நம்மைப் பிடிக்காமல் அப்பாவுக்குப் பயந்து சம்மதித்திருக்கிறாள் என்று இவன் வீட்டுக்கு வந்து உருகினான்.

அந்த வாரமே ரேடியோவில் ஓர் அம்மா அழகுக் குறிப்பு சொன்னார். “தினமும் கேரட் சாப்பிட்டு வந்தால் உடம்புக்கு நல்ல நிறம் கொடுக்கும்.” என்ன நிறம் என்று அந்த அம்மா சொல்லவில்லை. ரேடியோவைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

கேரட்டுக்குக் கேமரன் மலையில் என்ன பஞ்சம்? கியா பார்ம் பக்கம் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி தவுக்கே, கீழே டவுனுக்கு அனுப்ப லாயக்கில்லாத வெடிப்புக் கேரட்டையும் முடக் கேரட்டையும் கோணிப் பையோடு அள்ளிக் கொடுத்தார். நல்லுசாமி காலையில் கேரட் தின்றான். தொழிற்சாலையில் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு தின்றான். சோற்றுக்குக் கேரட், சோறு முடிந்து வாய்க்கு ருசியாக ஒரு கேரட். கூட வேலை பார்த்தவர்கள் முயலுக்கு மலாயில் உள்ள பெயரை அவனுக்கு வைத்து, “என்னடா ஆர்னாப், பல்லு எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே கடித்தான். காதல் வந்தவனுக்கு மானம் கொஞ்சம் மட்டுத்தான்.

ஐப்பசியில் நிறம் வந்தது. ரேடியோ அம்மா பொய் சொல்லவில்லை. வந்த இடம்தான் சரியில்லை. கன்னத்துக்கு வர வேண்டியது உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. முகம் பழையபடி கறுப்பு. கையை விரித்தால் மஞ்சள் கிழங்கு. வேலை நேரத்தில் தேயிலைத் தூள் அப்பி மறைத்தது. குளித்துவிட்டு வந்தால் குட்டு வெளிப்பட்டது. நல்லுசாமி கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தெருவில் துரை மாதிரி நடக்க ஆரம்பித்தான்.

கடைசியில் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனான். டிரெஸர் சுப்பிரமணியம் அவன் கையைப் புரட்டிப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

“என்னத்தடா தின்னே?”

“கேரட்டு, டிரெஸர் சார்.”

“எவ்வளவு?”

“ஒரு கோணி முடிஞ்சிருச்சு. இன்னொரு கோணி கேட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

சிவப்பாவதற்கு என்று ஓர் ஆம்பளை எப்படிச் சொல்வான்? “கண்ணுக்கு நல்லதுன்னாங்க சார்” என்று நல்லுசாமி முனகினான்.

“கேரட்டுல இருக்குற மஞ்சச் சத்துதான் வைட்டமின் ஏ ஆகுறது. அது உனக்கு ஒடம்புல கூடிப்போயித் தோல்ல வந்து நிக்குது. இனிமே கேரட்டு, பூசணி, பப்பாளி, கீரை, முட்டை மஞ்சக்கரு ஒண்ணையும் தொடாதே. தானா போயிரும்.”

“மருந்து?”

“இதுக்கு மருந்து கிடையாதுடா.”

நல்லுசாமியின் முகம் விழுந்துவிட்டது. தையில் கல்யாணம். தாலி கட்டுகிற கை மஞ்சளாக இருந்தால் ஊர் என்ன பேசும்? டிரெஸருக்கும் சங்கடம். மருந்து கொடுக்காத டிரெஸரை எஸ்டேட்டில் எவன் மதிப்பான்? கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெனம் காலையில வேர்க்க வேர்க்க ஓடு. மேட்டுல ஏறி ஓடு. சீக்கிரமா எறங்கிரும்” என்றார். ஓடினால் மஞ்சள் இறங்குமா என்பது அவருக்கே தெரியாது. ஓடினால் யாரும் சாக மாட்டார்கள் என்று மட்டும் தெரியும்.

வீட்டில் மணியம்மா இந்த வைத்தியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். “வைட்டமின் ஏயா? ஏ, டேன்னு மருவாதி இல்லாம ஒரு வியாதி!” என்று முதலில் வியாதியைத் திட்டினாள். பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்தாள். மஞ்சளாகத் தின்றதால் மஞ்சளானான். ஆகவே மஞ்சள் கூடாது. குழம்பில் மஞ்சள் தூள் நின்றது. பருப்பு நின்றது. வாழைப்பழத்தைத் தோலை உரித்த பிறகுதான் மகன் கண்ணில் காட்டினாள். ஆனால் கீரையை மட்டும் அள்ளி அள்ளி வைத்தாள்.

“டிரெஸர் கீரை ஆகாதுன்னாரும்மா.”

“கீரை பச்சைடா! அவருக்குக் கண்ணு தெரியலைன்னா நான் என்ன செய்ய?”

இரண்டு நாள் சண்டை போட்டு ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். இனி வெள்ளையாக இருப்பது மட்டும்தான் சாப்பாடு. வெள்ளைச் சோறு, கோஸ், காலிபிளவர், முட்டையில் வெள்ளைக் கரு, குடிக்க, பழைய சோறு ஊறிப் புளித்த நீச்சத்தண்ணி. எல்லாவற்றுக்கும் மேலே முள்ளங்கி. மூன்று வேளையும் முள்ளங்கி. முள்ளங்கி தின்றுவிட்டு மேட்டில் ஓடுகிறவனுக்குப் பின்னால் யாரும் ஓடக் கூடாது. இது ஒரு மனிதருக்குப் பிற்பாடு தெரிய வந்தது.

காலையில் பெரட்டுக்கு ஆள்கள் வந்து பெயர் கொடுப்பதற்கு முன்பே நல்லுசாமி கிளம்பிவிடுவான். லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அது செங்குத்தாக ஏறி, மேட்டு உச்சியில் தண்ணீர்த் தொட்டியில் போய் முடியும். மழைக் காலத்தில் அந்த மண் வெண்ணெய்தான். இரண்டு எட்டு ஏறினால் ஓர் எட்டு வழுக்கும். வெறும் சோறும் முள்ளங்கியும் தின்றவனுக்கு உச்சிக்குப் போவதற்குள் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். நீச்சத்தண்ணியை ஒரு போத்தலில் எடுத்துப் போய் அங்கே குடித்துவிட்டு, கால் பின்ன, கண் சிவக்க, தள்ளாடித் தள்ளாடி இறங்கி வருவான். அந்தத் தள்ளாட்டம் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் விஷயம் வெளிப்பட்டது. பூசாரி விபூதித் தட்டோடு வந்தார். அம்மன் முன்னால் சட்டைப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? நல்லுசாமி கையை நீட்டினான். வெள்ளை விபூதி விழுந்ததும் உள்ளங்கையின் மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் இருளப்பன் கங்காணி.

“தம்பி, கை ஏன் இப்படி இருக்கு?”

“சும்மா மாமா. ஒண்ணுமில்ல.”

உலகத்தில் எத்தனையோ பதில்கள் இருக்கும்போது இந்தப் பதிலைச் சொன்னான். கங்காணியின் முகம் சாம்பலாகிவிட்டது. நெற்றியில் விபூதி பூசவும் மறந்து வெளியே போனார்.

அவர் ஏன் அப்படிப் போனார் என்பது நல்லுசாமிக்குத் தெரியும். எஸ்டேட்டுக்கே தெரியும். மூத்த மகள் சீதாவின் புருஷன் நல்ல தச்சு வேலைக்காரன். சம்சு என்கிற திருட்டுச் சாராயம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஈரல் வெந்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, முப்பது வயது முடிவதற்குள் போய்விட்டான். சீதா அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து நாலு வருஷம். தாய் இல்லாத அந்த வீட்டில் அவள்தான் அடுப்பு, அவள்தான் விளக்கு. கங்காணிக்கு மஞ்சள் என்றால் கல்யாணத்து மஞ்சள் ஞாபகத்துக்கு வராது. அந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருவான்.

மறுநாளே மணியம்மாவுக்குச் செய்தி வந்தது. தை வேண்டாம், கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். தள்ளி வைப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். நல்லுசாமி இரவெல்லாம் புரண்டான். நேரே போய், “நான் சிவப்பாகணும்னு கேரட் தின்னேன் மாமா” என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நீலா காதில் அது விழுமே! குடிகாரன் என்றால் கோபப்படுவாள். இதைச் சொன்னால் சிரிப்பாளே! கோபத்தைத் தாங்கலாம், சிரிப்பைத் தாங்க முடியாது என்று அந்தப் புத்திசாலி முடிவு செய்தான். மஞ்சள் போய்விட்டால் பேச்சும் போய்விடும் என்று இன்னும் வேகமாக ஓடினான்.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பனிமூட்டத்தில் எதுவும் தெரியாது. தொப் தொப்பென்று கனமான காலடி, புஸ் புஸ்ஸென்று மூச்சு. காட்டுப் பன்றி என்று நினைத்து நல்லுசாமி தலைதெறிக்க ஓடினான். பன்றியும் ஓடி வந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது. நடுநடுவே “த்தூ” என்று துப்பியது. முள்ளங்கியின் வேலை. பன்றி துப்புமா என்று அவன் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு யோசனை ஏது? டிரெஸர் சொல்லாத வேகத்தில் எல்லாம் ஓடினான்.

மார்கழி பிறந்ததும் ஒரு காலையில் மணியம்மா வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டா, மாமனும் மருமவனும் சேர்ந்து தெனம் தொட்டிகிட்டப் போயிச் சம்சு ஊத்துறீங்களாமே? ஊரே சிரிக்குதுடா! நீ முன்னால தள்ளாடி வர்ற, பின்னாலயே அவரு நொண்டிக்கிட்டு வர்றாராம்!”

“மாமாவா?”

“பின்ன? சட்டையெல்லாம் சேறு, கண்ணு ரெண்டும் செவேல்னு. பாத்தவங்க சொல்றாங்கலா!”

நல்லுசாமிக்கு அப்போதுதான் அந்தப் பன்றி யார் என்று புரிந்தது. இவன் சம்சுவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று கையும் களவுமாகப் பிடிக்க, ஐம்பது வயதைத் தாண்டிய, வயிறு முன்னால் போய் ஆள் பின்னால் போகிற அந்த மனிதர் தினமும் மேடு ஏறி ஓடி வந்திருக்கிறார். அவனுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. நம்மால் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட்டுவிட்டதே என்று நொந்துகொண்டான்.

மறுநாள் அவன் மெதுவாக ஓடினான். பின்னால் காலடியும் மெதுவாக வந்தது. உச்சியை நெருங்கும்போது, “ஐயோ, அம்மா!” என்று ஓர் அலறல். திரும்பி ஓடினான். தேயிலைச் செடிக்குள் கங்காணி மல்லாந்து கிடந்தார். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு முண்டு முண்டாகத் திரண்டிருந்தது.

“செடியில பூச்சி பாக்க வந்தேன்” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“சரிங்க மாமா.”

அவரைத் தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் காலை மடியில் போட்டு உருவினான். போத்தலை நீட்டினான். கங்காணி அதை முகர்ந்து பார்த்தார். புளித்த வாடை. சந்தேகம் தீரவில்லை. ஆனால் தாகம் சந்தேகத்தை விடப் பெரிது. அண்ணாந்து மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டார்.

“அப்பா!”

பனிக்குள்ளிருந்து சீதா வந்தாள். பின்னால் நீலா. ஊர்ப் பேச்சு அவர்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. நேரில் பார்த்துவிடுவது என்று அக்காளும் தங்கையும் கிளம்பி வந்திருக்கிறார்கள். வந்த நேரத்தில் பார்த்தது இதைத்தான்: மருமகன் மடியில் காலைப் போட்டுக்கொண்டு மாமனார் போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

சீதா ஒரே எட்டில் வந்து போத்தலைப் பிடுங்கினாள். முகர்ந்தாள். அதைத் தலைகீழாகக் கொட்டினாள். வெள்ளைத் தண்ணீரோடு நாலைந்து சோற்றுப் பருக்கைகள் வந்து புல்லில் விழுந்தன. எல்லோரும் அந்தப் பருக்கைகளையே பார்த்தார்கள். எந்தச் சம்சுக்காரனும் சாராயத்தில் சோறு போட்டு விற்பதில்லை.

“நீச்சத்தண்ணிதான்க்கா” என்றான் நல்லுசாமி ஈனக் குரலில்.

“அப்ப அந்தக் கை?” என்றார் கங்காணி. “அதைச் சொல்லு மொதல்ல.”

இனி ஓட இடமில்லை. மேடு அங்கேயே முடிந்துவிட்டது. “கேரட்டு தின்னேன் மாமா” என்றான்.

“கேரட்டா? எதுக்கு?”

நல்லுசாமி நீலாவின் முகத்தைப் பார்க்காமல் தேயிலைச் செடியைப் பார்த்துச் சொன்னான். “செவப்பாகலாம்னு. பொண்ணு பாக்க வந்தப்போ அடுப்படியில அவங்க சொன்னாங்க. ரொம்பக் கறுப்பா இருக்கு, வெளுப்பா இருந்தா நல்லாருக்கும்னு.”

நீலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ, நான் தேத்தண்ணியைச் சொன்னேன்! பால் டின்னு காலி! உங்களைச் சொல்லுவேனா? உங்களை நான் நல்லாப் பாக்கக்கூட இல்ல, கால் கட்டை வெரலைத்தான் பாத்தேன்!” என்றாள். அவன் பயந்தபடியே சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை. தனக்காக ஒருத்தன் மூட்டைக் கணக்கில் கேரட் தின்றிருக்கிறானே என்ற சந்தோஷம்தான் இருந்தது. இந்தச் சிரிப்புக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நல்லுசாமிக்கு இருந்தது.

கங்காணி மட்டும் சிரிக்கவில்லை.

“இதெல்லாம் கதை” என்றார். குரல் உடைந்திருந்தது. “சீதா புருஷனும் கதைதான் சொன்னான். வயித்து வலிக்கு மருந்துன்னான். இருமலுக்கு டானிக்குன்னான். எல்லாத்தையும் நம்புனேன். நம்பித்தானே என் பிள்ளையை இப்படி வீட்டுல உக்கார வச்சிருக்கேன்? இன்னொருத்தியையும் என்னால கொடுக்க முடியாதுலா. முடியாது.”

நீலாவின் சிரிப்பு நின்றுபோனது. நல்லுசாமி தன் கல்யாணம் அந்தப் புல்லில் சோற்றுப் பருக்கையோடு சிந்திக் கிடப்பதைப் பார்த்தான். அவர் சொல்வதில் தப்பும் இல்லை, கோபப்படவும் அவனுக்கு வழியில்லை.

சீதா அவன் முன்னால் வந்து நின்றாள். “தம்பி, மேல வானத்தைப் பாருங்க. கண்ணை நல்லாத் தொறங்க” என்றாள். அவன் திறந்தான். பனி விலகி வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தாள். பார்த்து முடித்து அப்பாவிடம் திரும்பினாள்.

“அவருக்கு மொதல்ல கண்ணுதான்ப்பா மஞ்சளாச்சு. கையெல்லாம் அப்புறம்தான். இந்தக் கண்ணு பால் மாதிரி இருக்கு. கல்யாணத்தைத் தள்ளாதீங்க.”

“நீ பாத்தியா? அவன் கண்ணு மஞ்சளானதைப் பாத்தியா?”

“பாத்தேன். தெனம் பாத்தேன். உங்ககிட்டச் சொல்லல.”

“ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கப்பா?”

கங்காணி சேறு அப்பிய தன் கால்களைப் பார்த்தார். பிறகு நல்லுசாமியைப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

“இந்தப் பய பின்னால ஓடுனேன்ல? அவன் பின்னாலயும் ஓடியிருப்பேன்மா.”

சீதா நாலு வருஷமாக வீட்டில் யாருக்கும் காட்டாத அழுகையை அங்கே உட்கார்ந்து அழுதாள். நீலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கங்காணி மகளின் தலையில் கையை வைத்தபடி, “தையிலயே வச்சுக்கலாம், மாப்ள. போயி அம்மாகிட்டச் சொல்லிருங்க” என்றார். கீழே பெரட்டு மணி அடித்தது. நல்லுசாமி, சதை பிடித்திருந்த அந்தக் கெண்டைக்காலை மறுபடி மடியில் எடுத்து வைத்து உருவத் தொடங்கினான்.